மீன்தொட்டி மூடியில எல்.இ.டி. விளக்கு: முதல்ல ஈரத்தைத் தடு, அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டு

தங்கச்சி, போன வாரம் நீ போன்ல சொன்னதிலிருந்து இதே நினைப்புதான் எனக்கு. உன் ரெண்டடித் தொட்டி மூடியில இருந்த பழைய டியூப் லைட் போயிடுச்சு, சோக்கும் கருகின வாடை அடிக்குது, நீ அதைக் கழற்றிப் போட்டுட்டு மேஜை விளக்கைத் தொட்டி மேல சாய்ச்சு வெச்சிருக்கேன்னு சொன்னே. அந்த மேஜை விளக்கை இன்னிக்கே எடுத்துடு. தண்ணிக்கு மேல 230 வோல்ட் விளக்கு சாய்ஞ்சு நிக்கிறது நல்லதில்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழிச்சா மூடிக்குள்ளயே நல்ல எல்.இ.டி. விளக்கை நீயே பொருத்திடலாம்.

நான் முதல்முறை செஞ்சப்போ, பசையோட வர்ற எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை வாங்கி, மூடிக்கு உள்பக்கம் அப்படியே ஒட்டிட்டேன். முதல் நாள் அவ்வளவு அழகா இருந்துச்சு. மூணாவது மாசம் பாதி எரியல. மூடியைத் திறந்தா ஒட்டுன டேப் பிரிஞ்சு ஒரு முனை தண்ணிக்கு ரெண்டு விரற்கடை மேல தொங்கிட்டிருக்கு. ஈயம் வெச்ச இடமெல்லாம் பச்சைப் பூத்திருக்கு. அன்னிக்கு நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: இந்த வேலையில வெளிச்சம் சுலபம், ஈரம்தான் கஷ்டம். கீழே சொல்ற ஒவ்வொரு டிப்ஸும் அந்த ஒண்ணுலேர்ந்து வந்ததுதான்.

மூடிக்குள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோ

தொட்டித் தண்ணி ராப்பகலா ஆவியாகிட்டே இருக்கு. அந்த ஆவி மூடியில பட்டு முத்து முத்தா நிக்குது. அதோட, ஏர் பம்ப் குமிழி மேல வந்து உடையும்போது சின்னச் சின்னத் துளி தெறிக்குது. ஆவியில உப்பு கிடையாது; தெறிக்கிற துளியில உண்டு. அதுவும் நம்ம போர் தண்ணியில நிறையவே உண்டு. உப்புத் தண்ணி ஒரு பக்கம், ஸ்ட்ரிப்ல ஓடுற டி.சி. கரண்ட் ஒரு பக்கம். ரெண்டும் சேர்ந்தா செம்பு அரிச்சுடும், அதுவும் ப்ளஸ் பக்கம் இன்னும் வேகமா. அரிச்ச செம்பு தண்ணியில விழுந்தா மீனுக்கும் ஆகாது; இறாலும் நத்தையும் இருந்தா அதுங்களுக்கு விஷமே.

அதனால வரிசையை மனசுல வெச்சுக்கோ. முதல்ல ஈரத்துக்கு ஒரு தடுப்பு. அப்புறம் சூடு வெளியேற ஒரு வழி. கடைசியாத்தான் எத்தனை எல்.இ.டி.ங்கிற கணக்கு.

மாறாத மூணு விதி

1. 230 வோல்ட் மூடிக்குள்ள நுழையவே கூடாது. பழைய டியூப் ஹோல்டர், சோக், ஸ்டார்ட்டர், அதோட வயர் எல்லாத்தையும் கழற்றி எடுத்துடு. "எல்.இ.டி. பல்பு தானே"ன்னு வீட்டு பல்பை ஹோல்டரோட உள்ளே மாட்டாதே. மூடிக்குள்ள போறது 12 வோல்ட் டி.சி. மட்டும்தான்.

2. அடாப்டர் எப்பவும் தொட்டிக்கு வெளியே, தண்ணி மட்டத்துக்கு மேல, சுவத்துல இருக்கணும். ஸ்டாண்டுக்குள்ள தொட்டிக்கு நேர் கீழே வைக்காதே. தண்ணி ஒழுகினா முதல்ல நனையறது அதுதான்.

3. தொட்டியில கை விடுறதுக்கு முன்னாடி லைட், ஹீட்டர், ஃபில்டர் மூணையும் ஸ்விட்ச் அணைச்சு, ப்ளக்கையும் பிடுங்கிடு. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுங்கிறது உண்மைதான். ஆனா மட்டமான அடாப்டர் உள்ளே பழுதாச்சுன்னா 230 வோல்ட் இந்தப் பக்கம் வந்துடும். பி.ஐ.எஸ். பதிவு எண் போட்ட அடாப்டரா வாங்கச் சொல்றது அதுக்குத்தான். வீட்டு மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தா கரண்டைத் துண்டிக்கிறது) இருக்கான்னு எலக்ட்ரீஷியனைக் கேட்டுப் பாரு. இல்லேன்னா அதை மாட்டினதுக்கு அப்புறம் இந்த வேலையைத் தொடங்கு.

நடுவுல ஒரு கண்ணாடி

நான் சொல்றதுல ஒண்ணே ஒண்ணைத்தான் செய்வேன்னு நீ சொன்னா, இதைச் செய். தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு கண்ணாடி போடு.

கண்ணாடிக்கடையில 4 மி.மீ. சாதாக் கண்ணாடி கேளு. தொட்டியோட உள்ளளவை எடுத்துக்கோ. நீளத்துல ஒரு செ.மீ. குறைச்சுச் சொல்லு. அகலத்துல ரெண்டு துண்டாப் போடச் சொல்லு. பின்துண்டு நிலையா இருக்கும். முன்துண்டைத் தூக்கித் தீனி போடலாம். விளிம்பை உரசித் தரச் சொல்ல மறக்காதே, இல்லேன்னா கை கிழிஞ்சிடும். முன்துண்டுல சிலிக்கான் வெச்சு ஒரு சின்ன பிளாஸ்டிக் பிடி ஒட்டிக்கோ.

தொட்டியோட மேல் விளிம்புக்கு உள்பக்கம் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருந்தா அதுமேல இந்தத் துண்டுகள் உட்காரும். இல்லேன்னா பிளாஸ்டிக் கிளிப் மாட்டிக்கலாம். ஒரு பக்கம் ஒரு நூல் தாழ்வா இருந்தா நல்லது; முத்து முத்தா நிக்கிற தண்ணி சரிஞ்சு தொட்டிக்கே திரும்பிப் போயிடும்.

"அக்ரிலிக் போடலாமே, உடையாதே"ன்னு கேப்பே. அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சும். ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் சூடுன்னா கொஞ்ச நாள்லயே வளைஞ்சு போகும். கண்ணாடி வளையாது.

ஆனா தொட்டியை முழுசா மூடிடாதே. பின்பக்கம் ரெண்டு விரல் அகலம் இடைவெளி விடு. ஃபில்டர் குழாயும் ஹீட்டர் வயரும் போக அது வேணும்; காத்து போய் வரவும் வேணும். ஃபைட்டர், கௌராமி மாதிரி மீனெல்லாம் மேல வந்து காத்தை வாங்கித்தான் மூச்சு விடும், அதுங்களுக்குத் தண்ணிக்கு மேல இருக்கிற காத்து நல்லா இருக்கணும்.

சுத்தமான கண்ணாடி வெளிச்சத்துல சுமார் பத்துல ஒரு பங்கைத்தான் எடுத்துக்கும். அதே கண்ணாடியில உப்புப் படிஞ்சா நிறைய போயிடும். அதைத் துடைக்கிற விதத்தைப் பின்னாடி சொல்றேன்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடு

உன் தொட்டி ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். விளிம்பு வரைக்கும் நிரப்பினா 56 லிட்டர். கல், மணல், மேல விடுற இடம் போக 45 லிட்டர்னு வெச்சுக்கலாம்.

செடி இல்லாம மீன் மட்டும் பார்க்கணும்னா, இல்ல ஜாவா ஃபெர்ன், அனூபியஸ், ஜாவா பாசி மாதிரி நிழல் செடிதான்னா, லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் போதும். கொஞ்சம் வெளிச்சம் கேக்குற செடிக்கு 20 முதல் 40. அதுக்கு மேல போனா கார்பன் டை ஆக்ஸைடு, உரம்னு தனி வேலை சேர்ந்துக்கும். இல்லேன்னா பாசிதான் வளரும். இதெல்லாம் தொட்டி வளர்க்கிறவங்க வெச்சிருக்கிற தோராயக் கணக்கு. தொடங்க இது போதும்.

கடையில 2835 வகை ஸ்ட்ரிப், மீட்டருக்கு 120 எல்.இ.டி. இருக்கிறதைக் கேளு. மீட்டருக்கு சுமார் 10 வாட் எடுக்கும். வாட்டுக்கு 80 லூமன்னு அடக்கமாவே கணக்குப் போடு. பாக்கெட்ல அச்சடிச்சதை நம்பாதே. உன் மூடிக்குள்ள 55 செ.மீ. நீளம் வைக்கலாம். அப்போ ஒரு வரிசைக்கு 5.5 வாட்.

ரெண்டு வரிசை போட்டா 11 வாட், 880 லூமன். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 20. மீனுக்கும் நிழல் செடிக்கும் இதுவே போதும். மூணு வரிசை போட்டா 16.5 வாட், 1,320 லூமன். லிட்டருக்கு 29. நான் மூணு வரிசை போட்டு, ஒரு டிம்மரும் வெச்சுக்கச் சொல்வேன். குறைச்சு எரிய விட்டா சூடும் குறையும், ஆயுளும் கூடும்.

அடாப்டர் கணக்கு: 16.5 வாட்டை 12ஆல வகுத்தா 1.4 ஆம்பியர். அடாப்டரை முழுத் திறனுக்கு வேலை வாங்கக் கூடாது, நாலுல ஒரு பங்காவது மிச்சம் இருக்கணும். அதனால 12 வோல்ட், 2 ஆம்பியர் வாங்கு. மூணு வரிசையும் முழு வெளிச்சத்துல தினம் 8 மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு 4 யூனிட்தான் ஆகும்.

ஒரு அடிக்கும் சின்னதா, பத்துப் பன்னிரண்டு லிட்டர்ல ஃபைட்டர் தொட்டின்னா இவ்வளவு வேண்டாம். யூ.எஸ்.பி.ல மாட்டுற 5 வோல்ட் ஸ்ட்ரிப் ஒண்ணே போதும். ஈர விஷயத்துல மட்டும் அதுக்கும் இதே விதிதான்.

வாங்க வேண்டியது

சென்னையில இருக்கிறவளுக்கு ரிச்சி தெருவும் கொளத்தூரும் பக்கத்துல இருக்கிறது பெரிய வசதி. எலக்ட்ரானிக் சாமானெல்லாம் ரிச்சி தெருவுல ஒரே நடையில முடிஞ்சிடும். கிளிப், தீனி, செடிக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகள்.

- எல்.இ.டி. ஸ்ட்ரிப்: கூல் வைட் (6500 கெல்வின்) ரெண்டு வரிசைக்கு, வார்ம் வைட் (3000 கெல்வின்) ஒரு வரிசைக்கு.
- அலுமினியம் ப்ரொஃபைல் சேனல், மேல மாட்டுற பால் நிற மூடியோட. ஃபால்ஸ் சீலிங் சாமான் விக்கிற கடையில கிடைக்கும்.
- 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், டிம்மர், ஸ்க்ரூ வெச்சு முடுக்குற டி.சி. ஜாக் ஒரு ஜோடி, 2 ஆம்பியர் ஃப்யூஸும் அதுக்கான ஹோல்டரும்.
- சிவப்பு, கறுப்பு வயர், 0.5 சதுர மி.மீ.
- சால்டரிங் அயர்ன், ஈயம், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப்.
- நியூட்ரல் க்யூர்னு எழுதின சிலிக்கான்.
- எஸ்.எஸ். ஸ்க்ரூ. சாதா இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்சு தொட்டியில சொட்டும்; பித்தளையும் வேண்டாம், அதுலயும் செம்பு இருக்கு.

வார்ம் வைட் ஒரு வரிசை எதுக்குன்னு சொல்றேன். வெள்ளை எல்.இ.டி.ங்கிறது உண்மையில நீல எல்.இ.டி. மேல மஞ்சள் பாஸ்பர் பூசினது. அணைஞ்சிருக்கும்போது உத்துப் பாரு, சின்ன மஞ்சள் சதுரம் தெரியும். கூல் வைட்ல அந்த நீலம் தூக்கலா இருக்கும், சிவப்பு குறைவு. அதனால சிவப்பு வாள்வால் மீனும் கோல்டு ஃபிஷும் வெளிறித் தெரியும். ஒரு வார்ம் வரிசை சேர்த்தா அந்தச் சிவப்பு திரும்பி வந்துடும்.

சிலிக்கான்ல கவனமா இரு. கண்ணாடித் தொட்டி ஒட்டுறதுக்கு விக்கிற சாதா சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். தொட்டிக் கண்ணாடிக்கு அது சரியான பசைதான். ஆனா ஸ்ட்ரிப் மேல பட்டா செம்பை அரிச்சுடும், எல்.இ.டி.யும் கெடும். ஸ்ட்ரிப்புக்கு நியூட்ரல் மட்டும்தான்.

"வாட்டர் ப்ரூஃப் ஸ்ட்ரிப் வாங்கினா இவ்வளவு பாடு வேண்டாமே"ன்னு கடைக்காரர் சொல்லலாம். ஐ.பி. 65ங்கிறது மேல சிலிக்கான் பூசினது, ஐ.பி. 67, 68 முழுக்க சிலிக்கானுக்குள்ள இருக்கும். வாங்கலாம், தப்பில்ல. ஆனா கத்தரியால வெட்டின நிமிஷமே அந்த முனை திறந்துடும், அதை நீதான் மறுபடி அடைக்கணும். அந்தப் பூச்சு சூட்டையும் உள்ளேயே வெச்சுக்கும், நாளானா மஞ்சளாகும். நான் செய்யறது, மேல் பூச்சு இல்லாத ஸ்ட்ரிப், அலுமினியம் சேனல், கீழே கண்ணாடி. கண்ணாடி போடவே முடியாத தொட்டின்னா மட்டும் ஐ.பி. 67.

வெட்டுறதும் ஈயம் வைக்கிறதும்

12 வோல்ட் ஸ்ட்ரிப்ல மூணு மூணு எல்.இ.டி. ஒரு தொகுதி. தொகுதிக்கு நடுவுல கத்தரிக்கோல் படமோ கோடோ போட்டிருக்கும். மீட்டருக்கு 120 உள்ளதுல 2.5 செ.மீ.க்கு ஒருமுறை அந்தக் கோடு வரும். 55 செ.மீ.ன்னா 22 தொகுதி. கோட்டுல மட்டும் வெட்டு; தள்ளி வெட்டினா அந்த மூணும் எரியாது.

சேனலை 57 செ.மீ.க்கு ஹேக்ஸா ப்ளேடால அறுத்து, முனையை அரம் போட்டு மழுக்கு. ஸ்பிரிட் தொட்ட துணியால உள்பக்கம் துடைச்சு, நல்லா காஞ்சதுக்கு அப்புறம் ஸ்ட்ரிப்பை ஒட்டி, விரலால முழு நீளமும் அழுத்திவிடு. ஸ்ட்ரிப்போட வெட்டின முனை அலுமினியத்தைத் தொடக் கூடாது. தொட்டா ஷார்ட் ஆகும். ரெண்டு பக்கமும் ஒரு செ.மீ. விட்டதுக்கு இதுதான் காரணம்.

ஈயம் வைக்கிறது பயப்படுற வேலையில்ல. ஸ்ட்ரிப்போட செம்புப் பொட்டுல முதல்ல துளி ஈயம் வை. வயர் நுனியிலயும் துளி ஈயம் வை. ரெண்டையும் சேர்த்து அயர்ன்ல ஒரே தொடு, ரெண்டு மூணு நொடிக்குள்ள எடுத்துடு. அதிக நேரம் வெச்சா பொட்டு பெயர்ந்து வந்துடும். சிவப்பு வயர் ப்ளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. மூணு வரிசையோட சிவப்பெல்லாம் ஒண்ணாச் சேரணும், கறுப்பெல்லாம் ஒண்ணாச் சேரணும். மாத்திக் கொடுத்தா எரியாது, அவ்வளவுதான், திருப்பிக் கொடு.

ஈயத்தோட தடவுற பேஸ்ட் மிச்சம் இருந்தா அதுவும் நாளாக ஆக அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சுடு. வயர் சேர்ற இடத்துலல்லாம் ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடு காட்டு. ஸ்ட்ரிப்போட ரெண்டு முனையையும், ஈயம் வெச்ச இடத்தையும் நியூட்ரல் சிலிக்கானால மூடு. ஒரு நாள் முழுசா, 24 மணி நேரம், தொடாம காய விடு. ஜன்னலைத் திறந்து வெச்சு வேலை செய், முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவு. ஈயம் தொட்ட கையோட மீன் தீனியைத் தொடவே கூடாது. இந்த வேலையெல்லாம் தொட்டியிலிருந்து தள்ளி, வேற மேஜையில நடக்கட்டும். ஒரு செம்பு இழைகூடத் தண்ணியில விழக் கூடாது.

முதல்ல மேஜை மேலயே எரிய விட்டுப் பாரு

மூடியில மாட்டுறதுக்கு முன்னாடி மேஜையில நாலு மணி நேரம் முழு வெளிச்சத்துல எரிய விடு. அப்புறம் சேனலோட முதுகைத் தொட்டுப் பாரு. கையை வெச்சுப் பத்து எண்ண முடிஞ்சா நல்லது. சுட்டுக் கையை எடுத்தேன்னா டிம்மரைக் குறை, இல்ல ஒரு வரிசையை எடுத்துடு. அடாப்டரையும் தொட்டுப் பாரு. வெதுவெதுப்பு பரவாயில்ல, கொதிப்பும் கருகின வாடையும் கூடாது.

எல்.இ.டி.க்கு ஈரத்துக்கு அடுத்த எதிரி சூடு. வெளிச்சமா மாறாத மின்சாரமெல்லாம் சூடா மாறி, முதுகு வழியாத்தான் போயாகணும். பிளாஸ்டிக் மூடியில நேரா ஒட்டினா அந்தச் சூடு போக வழி இல்ல. அலுமினியம் அதை வாங்கிப் பரப்பிடும். மீனுக்கும் இது முக்கியம். 25 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 8.2 மில்லி கிராம் ஆக்ஸிஜன் கரைஞ்சிருக்க முடியும். 30 டிகிரி ஆனா 7.5தான். கத்திரி வெயில்ல நம்ம ஊர்த் தண்ணி ஏற்கெனவே சுட்டுட்டு இருக்கும். மூடிக்குள்ள இன்னும் சூட்டைச் சேர்க்கக் கூடாது.

மூடியில பொருத்துற விதம்

எதைப் பொருத்தினாலும் கழற்றி எடுக்கிற மாதிரிப் பொருத்து. சேனலோட வர்ற கிளிப்பை எஸ்.எஸ். ஸ்க்ரூ போட்டு மூடியில முடுக்கு, சேனல் அதுல டக்குன்னு உட்காரும். மூடி மெல்லிசா இருந்து ஸ்க்ரூ வெளியே வந்துடும்னா, உள்பக்கம் பி.வி.சி. பட்டை ஒட்டி அதுல முடுக்கு. டபுள் டேப்பையோ க்ளூ கன்னையோ மட்டும் நம்பாதே, சூட்டுலயும் ஈரத்துலயும் ரெண்டுமே விட்டுடும்.

இடம் ரொம்ப முக்கியம். ஒரு வரிசை முன்கண்ணாடியிலிருந்து ரெண்டரை அங்குலம் உள்ளே, ரெண்டாவது நடுவுல, மூணாவது பின்பக்கம் செடிக்கு மேல. வார்ம் வைட்டை நடுவுல வை. எல்லா விளக்கையும் பின்னாடி தள்ளினா மீன் இருட்டு உருவமாத்தான் தெரியும். முன்னாடி ஒரு வரிசை இருந்தாத்தான் நம்ம பக்கம் திரும்புற செதில்ல வெளிச்சம் படும். சோபாவுல உட்கார்ந்து பாரு; விளக்கு கண்ணைக் குத்தினா மூடியோட முன்விளிம்பு மறைக்கிற அளவுக்கு மேலேயோ உள்ளேயோ தள்ளு.

வெளிச்சத்தைக் கீழே திருப்ப மூடிக்குள்ள சாதா வெள்ளைப் பெயின்ட் போதும். போட்டதும் வாடை போற வரைக்கும் சில நாள் வெயில்ல காய வெச்சுட்டு அப்புறம் தொட்டி மேல வை. அலுமினியம் ஃபாயில் ஒட்டாதே. பிரிஞ்சு வந்து ஈயம் வெச்ச இடத்துல பட்டா ஷார்ட். டியூப் லைட்டுல பாதி வெளிச்சம் மேல போகும், அதுக்கு ரிஃப்ளெக்டர் தேவைப்பட்டுச்சு. எல்.இ.டி. கீழ்நோக்கித்தானே எரியுது.

பின்பக்கம் மேலே ரெண்டு மூலையிலயும் சூடு போக நாலஞ்சு ஓட்டை போடு. போட்ட ஓட்டைக்குக் கொசுவலைத் துண்டு வெச்சு ஒட்டணும். மூடிக்குள்ள இளஞ்சூடு இருந்தா பல்லி வந்து குடியிருக்கும். கரப்பானும் எறும்பும் வரும்.

வயர் போற பாதை

வயர் மூடியோட பின்பக்க மேல் மூலையில வெளியே வரட்டும். டி.சி. ஜாக் மூடிக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அப்போ ஜாக்கைப் பிரிச்சு மூடியை முழுசாத் தூக்கிக் குளியலறைக்கே கொண்டுபோய்த் துடைக்கலாம். டிம்மரும் ஃப்யூஸும் அடாப்டர் பக்கத்துல, உலர்ந்த இடத்துல.

சுவத்து ப்ளக்குக்குப் போற ஒவ்வொரு வயரும் ப்ளக்கை விடக் கீழே ஒரு தொங்கல் விட்டு, அப்புறம் மேல ஏறணும். வயர் வழியா ஓடி வர்ற தண்ணி அந்தத் தொங்கல் அடியில சொட்டிடும், ப்ளக்குக்கு ஏறாது. லைட்டுக்கு மட்டும் இல்ல, ஃபில்டர், ஹீட்டர், ஏர் பம்ப் எல்லாத்துக்கும் இதைச் செய். காசே ஆகாது, இன்னிக்கே செஞ்சிடு.

முதல் வாரம் மீன் பழகட்டும்

மீனுக்கு இமை கிடையாது. கும்மிருட்டுல திடீர்னு முழு விளக்கையும் போட்டா மிரண்டு கண்ணாடியில மோதும்; மேல துள்ளும். முதல்ல அறை விளக்கைப் போடு, பத்து நிமிஷம் கழிச்சுத் தொட்டி விளக்கைப் போடு. அணைக்கும்போது தொட்டி விளக்கு முதல்ல, அறை விளக்கு அப்புறம். முதல் வாரம் டிம்மரைப் பாதியில வை.

நியான் டெட்ரா வெச்சிருக்கேன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இருட்டுல அதோட நீலக் கோடு மங்கிடும். காலையில விளக்குப் போட்டதும் வெளிறித் தெரிஞ்சா நோய்னு பயப்படாதே, கொஞ்ச நேரத்துல கோடு தெளிஞ்சு வரும்.

விளக்கு எரியுற நேரம், முதல் ரெண்டு வாரம் தினம் 6 மணி நேரம், பாசி பிடிக்காம செடி நல்லா இருந்தா 8 மணி நேரம். அதுக்கு மேல வேண்டாம். நீல நிற நைட் லாம்ப் அழகுதான், ஆனா ராத்திரி முழுக்க எரிய விடாதே, மீனுக்கு இருட்டு வேணும். ஒரு ப்ளக் டைமர் வாங்கிட்டா ஊருக்குப் போனாலும் கவலை இல்ல. கரண்ட் போய் வர்றப்போ சில டைமர்ல நேரம் தள்ளிப் போயிடும்; வாரம் ஒருமுறை பார்த்துச் சரி பண்ணு.

மாசாமாசம் செய்ய வேண்டியது

கண்ணாடித் துண்டை வாரம் ஒருமுறை துடை. வெள்ளையா உப்புக் கறை பிடிச்சிருந்தா தனியா எடுத்துப் போய் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தேய்ச்சு, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசி, காய வெச்சு மாட்டு. சோப்பு, கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே ரெண்டும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

மாசம் ஒருமுறை மூடியைக் கழற்றி, ஈயம் வெச்ச இடத்துல பச்சை பூத்திருக்கா, கிளிப் இறுக்கமா இருக்கா, வயர் தோல் வெடிச்சிருக்கான்னு பாரு.

பழுது வந்தா எங்கே தேடுறதுன்னும் சொல்லிடறேன். மூணே மூணு எல்.இ.டி. மட்டும் எரியலன்னா அந்த ஒரு தொகுதிதான் போயிருக்கு. அதை வெட்டி எடுத்துட்டு புதுத் துண்டை ஈயம் வெச்சுச் சேர்த்துடலாம். ஒரு வரிசை முழுசா எரியலன்னா அதோட முனையில ஈயம் விட்டிருக்கும். எல்லாமே மினுக்கு மினுக்குன்னு அடிச்சா முதல்ல ஜாக்கைப் பாரு, அடுத்து அடாப்டர். எதுவுமே எரியலன்னா ஃப்யூஸ். ஃப்யூஸ் போயிருந்தா எங்கேயோ ஷார்ட் ஆயிருக்குன்னு அர்த்தம். காரணத்தைக் கண்டுபிடிக்காம புது ஃப்யூஸ் போடாதே.

நான் காத்திருக்கிற சேதி

பொருத்தி முடிச்ச சாயங்காலம் ஃபோட்டோ அனுப்புவேன்னு தெரியும். அனுப்பு, சந்தோஷமாப் பார்ப்பேன். ஆனா எனக்கு வேண்டிய சேதி ஒரு வாரம் கழிச்சு வரணும். எட்டாம் நாள் காலையில ப்ளக்கைப் பிடுங்கிட்டு, மூடியைத் திருப்பி வெச்சு, சேனல் மேல ஒரு விரலை முனையிலிருந்து முனை வரைக்கும் இழுத்துப் பாரு. கண்ணாடியோட அடிப்பக்கம் முத்து முத்தாத் தண்ணி நிக்கணும். சேனல் மேல இழுத்த உன் விரல் காய்ஞ்சிருக்கணும். அப்படி இருந்தா உடனே எனக்கு ஃபோன் பண்ணு. ஈரம் பட்டா, சிலிக்கானும் கண்ணாடித் துண்டும் எடுத்துக்கிட்டு அடுத்த ஞாயிறு நானே வர்றேன், ரெண்டு பேருமாச் சேர்ந்து சரி பண்ணிடலாம்.